சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

இன்று காலை எடுத்த ரத்தத்தில் செல்வியின் கல்லீரல் அளவுகள் ஏறவில்லை. சொன்னவர் அவசரப் பிரிவு டாக்டர்.

“இன்னைக்கு ஏறல. அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்” என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

செல்வி எங்கள் காம்பவுண்டில் குடியிருப்பவர். (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னது அவரேதான்!) சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்.

நேற்று மதியம் அவருடைய கணவர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, இவ கம்பெனில என்னத்தையோ குடிச்சிட்டாளாம். ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

குடித்தது, துணியில் கறை எடுக்கும் லிக்விட். பெரிய கேனிலிருந்து அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள்.

நான் போனபோது கம்பெனி சூப்பர்வைசர் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“வெறும் தின்னர்தானுங்க மேடம். சாயங்காலம் கூட்டிட்டுப் போயிரலாமுங்களா? நாளைக்கு ஷிப்மெண்ட் இருக்குதுங்க.”

“தின்னர்னு கேன்ல எழுதியிருக்கா?”

“கேன்ல ஒண்ணும் எழுதலீங்க. எல்லாரும் தின்னர்னுதான் சொல்லுவாங்க.”

டாக்டர் முதலில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தின்னர் நுரையீரலுக்குள் போயிருந்தால் அதில் தெரியக்கூடும் என்றார். நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஆனால் படத்தின் அடியில், வயிறு தொடங்கும் இடத்தில், ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

உடனே செல்வியை நிற்க வைத்து வயிற்றுக்கு இன்னொரு படம் எடுத்தார்கள். இரைப்பையில் தண்ணீருக்கு அடியில் தனியாக ஒரு வெள்ளைப் படலம் தேங்கி நின்றது.

“தின்னரோ மண்ணெண்ணெயோ இப்படித் தெரியாது. தண்ணிக்கு மேலதான் மிதக்கும். குளோரின் கலந்த சில சால்வென்ட்தான் அடில போய் இப்படி வெள்ளையா நிக்கும்” என்றார் டாக்டர். “படத்துல பேரு வராது. ஆனா அந்த வகையா இருந்தா கல்லீரல அடிக்கும், அதுவும் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு. அதுவரைக்கும் ஆள் நல்லாத்தான் இருப்பாங்க.”

ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், கல்லீரலைக் காக்கும் மருந்தை டிரிப்பில் ஏற்றத் தொடங்கினார்கள். ஷிப்மெண்ட் பேச்சு அத்தோடு நின்றது.

கணவருக்குப் பதற்றம் கோபமாக மாறியிருந்தது.

“காப்பில சீனி ஒரு துளி கூடுனா கண்டுபிடிப்பா, டாக்டர். இதைக் கண்டுபிடிக்கல!”

“செக்கிங் டேபிள் பூரா அந்த வாடதான் அடிக்கும். ரெண்டு மடக்கு போன பொறவுதான் நாக்குக்கே தெரிஞ்சுது” என்றார் செல்வி. “செகப்பு நூல் கட்டியிருந்துச்சு. என் பாட்டில்னு நெனச்சேன்.”

தையல் கம்பெனிகளில் நூலுக்கா பஞ்சம்? தன் பாட்டில் மாறிவிடக் கூடாது என்று ஆளுக்கொரு கலரில் கழுத்தில் கட்டிவிடுவார்கள். பழைய கம்பெனியில் செல்வியின் கலர் சிவப்பு. இங்கேயும் அதையே கட்டியிருந்தார்.

“எங்க கம்பெனில சிகப்பு நூல்னா கறை எடுக்கிற லிக்விடுங்க. எல்லாத்துக்கும் தெரியுமுங்க” என்றார் சூப்பர்வைசர்.

“இவங்களுக்குச் சொன்னீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“அது... எல்லாத்துக்கும் தெரியுமுங்க.”

இன்று காலை அந்தச் சூப்பர்வைசருக்கே போன் செய்தேன். சிவப்பு நூலை எடுத்துவிட்டீர்களா?

“நேத்தே எடுத்துட்டமுங்க சார். இப்ப பச்சை நூல் கட்டியிருக்குதுங்க.”

(அதே தண்ணீர் பாட்டிலில்தான். கேட்டு உறுதி செய்துகொண்டேன்.)

கேனில் இருந்ததை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்; அது என்ன என்று அடுத்த வாரம் தெரியும். செல்விக்கு நாளைக் காலை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். கல்லீரல் தாங்கியதா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும் என்கிறார் டாக்டர்.

உங்கள் கம்பெனியில் கறை எடுக்கும் லிக்விட் எந்த பாட்டிலில் இருக்கிறது? அதற்கு நாளை மதியம் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.