வெறுங்கொக்கியை நம்பாத சூசை அண்ணன்

மார்ச் 9, காலை 10.40. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பன்னிரண்டு பேர். சூசை அண்ணனின் எண்ணிலிருந்து அவர் மனைவி ரெஜினா மதினி எழுதியிருந்தார்: "உங்க அண்ணன் காலையில போயிட்டாவ. நெஞ்சுவலி." இப்போது பதினொரு பேர்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். எங்களைப் போலவே பழைய விளையாட்டுகளை லேப்டாப்பில் ஓட்டி, இசையை மட்டும், கம்ப்யூட்டர் அனுப்பும் குறிப்புகளைத் தானே வாசிக்கும் அந்தக் காலத்து ஒலிப்பெட்டியில் கேட்பவர். இரண்டையும் இணைப்பது மிடி இன்டர்ஃபேஸ். எதை வாங்கலாம் என்று குழுவில் பட்டியல் போட்டவன் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்லவா? மெல்லிய யூஎஸ்பி கேபிள் ஒன்றில் நாலு பாட்டு ஓட்டினேன். ஒரு சுரமும் பிசகவில்லை. "இது போதும், பெரிய இன்டர்ஃபேஸ் வீண்" என்று எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி குழுவின் முகப்புக் குறிப்பில் போட்டேன். ஐந்து பேர் வாங்கினார்கள். அண்ணனும் அதில் ஒருவர்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். கப்பல் விளையாட்டு ஒன்று. முதல் காட்சியில் அலைச்சத்தம் வரவேண்டும். பியானோ கணகணத்தது.

"ஏலே, நம்ம கடல் என்னைக்குலே பியானோ வாசிச்சிருக்கு?"

"உங்க பெட்டி கிழடாயிட்டு அண்ணே. நான் நாலு பாட்டு ஓட்டிப் பாத்த கேபிளு இது."

"வெறுங்கொக்கியத் தூக்கிப் பாத்துட்டு கிரேன் நல்லாருக்குன்னு சொல்லுத. லோடு போட்டியா?"

பழுது பார்த்த கிரேன் பாரம் தூக்கிக் காட்டாமல் அவர் கையெழுத்துப் போடமாட்டார். இங்கேயும் அவர் சொன்னதுதான் சரி. பாட்டு அனுப்புவது, 'இந்தச் சுரத்தை வாசி' என்பதுபோன்ற சின்னச் சின்னச் செய்திகள். விளையாட்டோ தொடங்கும் முன்பே தன் ஒலிகளையெல்லாம் நீளமான செய்திகளாக அனுப்பும். என் கேபிள் அவற்றைப் பாதியில் விழுங்கியது; அலை வந்து சேராததால் பெட்டி தன்னிடமிருந்த பியானோவை வாசித்தது. மறுவாரம் கோயில் பாடகர் குழுவிலிருந்து பெரிய இன்டர்ஃபேஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினார். அலை வந்தது.

"பெட்டி கிழடு இல்லலே. நீதான் அவசரக் குடுக்கை" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அந்தப் பட்டியல அழிச்சிரு. உன்ன நம்பி வாங்குனவன் தன் பெட்டி செத்துட்டுன்னு நெனப்பான்."

"நாளைக்கு அண்ணே" என்றேன். இரண்டு மாதம் அழிக்கவில்லை. காரணம் தேடவேண்டாம், ரோஷம்தான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் நின்றோம். குழுவிலிருக்கும் காயல்பட்டினம் செய்யது மெல்லச் சொன்னான்: "நீ சொன்ன கேபிளத்தான் வாங்குனேன். விளையாட்டுல ஒரு சத்தமும் ஒழுங்கா வரல. பெட்டி செத்துட்டுன்னு பரண்ல தூக்கிப் போட்டுட்டேன்."

அண்ணன் சொன்னது ஒரு சொல் மாறாமல் நடந்திருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்: "லோடு போட்டியா?"

இனிச் செய்யப்போவது:

1. முகப்புக் குறிப்பிலிருக்கும் பட்டியலை இன்றே எடுப்பேன். அதே இடத்தில், தவறு என்னுடையது என்று என் பெயர் போட்டு எழுதுவேன்.

2. கேபிள் வாங்கிய மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சொல்வேன். எழுதினால் பாதிப் பேர் படிக்கமாட்டார்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை நல்ல இன்டர்ஃபேஸோடு காயல்பட்டினம் போய், செய்யதின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவேன். அந்தக் கப்பல் விளையாட்டை ஓட்டுவேன். அலை கேட்கும்வரை வாய் திறக்கமாட்டேன்.