நிச்சயமா என்று கேட்டவர்

சிங்கப்பூர் எல்லைக்கு அருகே, கெலாங் பாத்தா தொழிற்சாலையில் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தார் எங்கள் கம்ப்யூட்டர் அதிகாரி. பெரிய தொப்பை, அதை மூட முடியாத சுவெட்டர். விண்டோசில் ஊறிய மனிதர். நிர்வாகம் சர்வரை லினக்சுக்கு மாற்றியபின் வெறும் கறுப்புத் திரைதான். மவுசுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் வலது கையில் அதைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தட்டச்சு செய்வார்.

“என்னண்ணே, ஒத்து வருதா?” என்றேன்.

“அலமாக்! எதை அழிச்சாலும் நிச்சயமான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குது, தங்கச்சி. வேலை முடிஞ்சாலும் வாயைத் தொறக்காது. பேசலன்னா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமாம் லா!”

அதனால் கேட்கும் பொறுப்பை அவரே ஏற்றார். என்டர் பொத்தான்மேல் விரலை வைத்து, அறை முழுக்கக் கேட்கும்படி “நிச்சயமா?” என்பார். நான் தலை நிமிராமல் “ஆமாண்ணே” என்பேன். பிறகுதான் தட்டுவார்.

ஒருநாள் விளையாட்டாக “இல்லண்ணே” என்றேன். விரலை எடுத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். அவர் அழிக்கவிருந்தது பழைய கோப்புகளை அல்ல, எங்கள் எல்லாருடைய அந்த மாதச் சம்பள விவரத்தை.

“உனக்கு லினக்ஸ் தெரியும்னு சொல்லவே இல்லையே!” என்று நுரை பொங்கும் தே தாரிக் டீ வாங்கித் தந்தார். மறுக்க மனம் வரவில்லை, குடித்தேன்.

அடுத்த வருடம் சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் கிளம்பினார். பேருந்தில் ஏறப்போனவரிடம், “நிச்சயமாண்ணே?” என்று கேட்டேன்.

ஒரு கணம் நின்றார். வாயைத் திறக்காமலே ஏறிப் போய்விட்டார். மனிதருக்கு லினக்ஸ் நன்றாகத்தான் பழகியிருந்தது.