சாம்பல் நிறப் பொத்தான்கள்

கிளினிக்கில் எல்லோரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தவர் பெயரைச் சொல்லி மூச்சு விடுவதற்குள் முன்பதிவு முடிந்திருக்கும். திரையைப் பார்க்கவே மாட்டாள். முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குக் கீழ் மூலைக்குப் போய், பச்சையாக இருக்கும் 'உறுதி செய்' பொத்தானைத் தட்டிவிட்டுத் திரும்பும். வரவேற்பு மேசைக்குத் தலைமைப் பதவி வருகிறது, அது அவளுக்குத்தான் என்பது சுவர்ப் பல்லிக்குக்கூடத் தெரியும்.

பக்கத்து நாற்காலிக்காரிக்கு ஆமை என்று பெயர். ஒவ்வொரு பொத்தானையும் உதட்டை அசைத்துப் படித்து, யோசித்து, அப்புறம்தான் தட்டுவாள். தினமும் அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பச்சை போய், எல்லாமே சாம்பல் நிறம். 'உறுதி செய்' மேலே ஓடிவிட்டது. காலியான இடத்தில் 'ரத்து செய்' குடிவந்துவிட்டது. மின்னலின் கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அன்று முழுக்க அது வழக்கமான மூலையிலேயே தட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டர் எட்டிப் பார்த்தார். அத்தனை நாற்காலியும் காலி. கோபத்தோடு ஒரே ஒரு பெரியவர்.

"என்னம்மா, ஒரே ராத்திரியில எல்லாருக்கும் உடம்பு சரியாயிடுச்சா?"

"எனக்குச் சரியாகல டாக்டர்," என்றார் பெரியவர். "வராதேன்னு மெசேஜ் அனுப்பியிருக்காங்க."

மென்பொருள்காரப் பையன் வந்தான்.

"எளிமையாக்கியிருக்கோம் மேடம்."

"ரெண்டுக்கும் ஒரே நிறம் பூசறதா எளிமை?" என்றாள் மின்னல்.

"இப்ப அதுதான் ஸ்டைல்."

"கை பழக்கத்துல போகுதேப்பா."

"பழக்கத்தை மாத்திக்குங்க. அடுத்த மாசம் மறுபடி மாறும்."

பதவி ஆமைக்குப் போயிற்று. ஒரு பிழைகூடச் செய்யாதவள் ஆயிற்றே! எதையும் பழகிக்கொள்ளாதவளிடம் எந்த மாற்றம் என்ன செய்துவிட முடியும்?

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றாள் ஆமை, உண்மையான அன்போடு. "படிச்சுப் படிச்சுத் தட்டுங்க."

இப்போது அவளை யாரும் மின்னல் என்று கூப்பிடுவதில்லை. போன வாரம் அதே பெரியவர் மேசைமுன் நின்று நின்று கால் மாற்றிக்கொண்டார்.

"முன்னெல்லாம் முகம் பாத்துப் பேசுவியேம்மா?"

அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. கண் திரையை விட்டு நகரவில்லை.

"உங்க முகம் அங்கேயேதான் இருக்கும் ஐயா. இதைத்தான் நம்ப முடியல."