ஐந்து உயிரெழுத்தும் ஓர் ஆடும்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள் அவள். வயது நாற்பத்து மூன்று. பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் வெளிச்சம் பிடித்ததாலோ என்னவோ, பேச்சின் மேல் ஒரு கிறுக்கு. ஒன்பது வருடமாகச் சொந்தமாக ஒரு மொழியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து உயிர், பன்னிரண்டு மெய், இரண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள்.

கூடவே வசித்த அக்கா தையல்காரி. "இருக்கிற பாஷையில பேசவே உனக்கு ஆள் இல்ல. இதுல புதுசு வேறயா?" என்பாள். ஒன்பது வருடத்தில் ஒரு வார்த்தைக்கும் அவள் அர்த்தம் கேட்டதில்லை.

மொழியை இணையத்தில் போட்டதும் கற்றுக்கொள்ள வந்தவர்கள் இரண்டே பேர்: ஒரு பஸ் டிரைவர், ஒரு பிளம்பர். ஒரு வருடம் மூவரும் எழுத்திலேயே பேசித் தீர்த்தார்கள். முதுகு வலி, குழாய் அடைப்பு, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் அந்த மொழியில் தேனாக இருந்தன. ஒரு ஞாயிறு மதியம் அவர்களை வீட்டுக்கு அழைத்தாள்.

முதலில் வந்த பஸ் டிரைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாரா தெலா" என்றார் கம்பீரமாக.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'நொரா தெலா' என்றால் 'தோழியை வாழ்த்துகிறேன்'. 'நாரா' என்றால் துவைப்பது. அவர் தோழியைத் துவைக்க வந்திருந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே வந்த பிளம்பர் குனிந்து, "நொரா திலா" என்றார்.

'திலா' என்றால் ஆடு.

"மன்னிக்கணும், நீங்க இப்ப ஆட்டை வாழ்த்தினீங்க" என்றாள் அவள். "அண்ணன் என்னைத் துவைச்சாரு."

"நீங்க எழுதினபடிதானே சொன்னேன்?" என்றார் டிரைவர். "ஒ-ன்னா, சூட்டுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்றோமோ, அதுல வர்ற சத்தம்னு போட்டிருந்தீங்களே."

அங்கேதான் இருந்தது வில்லங்கம். அவர் வளர்ந்த நாட்டில் அந்தச் சொல்லை 'ஹாட்' என்று வாய் பிளந்து சொல்வார்கள். இவள் படித்த பள்ளியில் உதட்டைக் குவித்து 'ஹொட்' என்பார்கள். எ-வுக்கு அவள் காட்டியிருந்த உதாரணம் 'பென்'. பிளம்பர் பத்து வருடம் வேலை பார்த்த தீவிலோ அதுவே 'பின்' ஆகிவிடும். பேனா கேட்டால் வெளியூர்க்காரன் குண்டூசியை நீட்டுவான்.

"ரெண்டு பேர் தப்பையும் சேர்த்துச் சொன்னா?" என்று பிளம்பர் கேட்டார்.

"நாரா திலா. ஆட்டைத் துவைக்கிறேன்."

அதுவரை மூலையில் ஓடிக்கொண்டிருந்த அக்காவின் தையல் மெஷின் சட்டென்று நின்றது. அக்கா மெஷின் மேலேயே கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து டிரைவர் சிரிக்க, பிளம்பருக்குப் புரையேற, நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரவர் இருந்த இடத்தில் சரிந்தார்கள்.

மறுநாள் கிளினிக்கில் அவள் ஆங்கில உதாரணங்களையெல்லாம் அடித்துவிட்டு உயிரெழுத்துப் பக்கத்தைப் புதிதாக எழுதினாள். 'ஆ: கடைவாய்ப் பல்லைக் காட்டும்போது வருவது. ஈ: முன்பல் வரிசையைக் காட்டும்போது வருவது.' சரிதானா என்று பார்க்க, நாற்காலியில் சாய்ந்திருந்தவரிடம், "சார், ஒரு தடவை ஒ சொல்லுங்க" என்றாள். அவர் வாய் நிறையப் பஞ்சோடு மிரண்டு விழித்தார்.

"முதல்ல பல்லைப் பிடுங்கிக்கறேன்மா. அப்புறம் பாடம் நடத்து" என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு, புதுப் பக்கத்தைப் பார்த்து டிரைவர் முக்கால்வாசி தேறினார். பிளம்பர் பாதி. அக்கா அன்று மெஷினை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரி. கோபம் வந்தா திட்ட இதுல என்ன இருக்கு?"

தங்கை தலையைச் சொறிந்தாள். "ஒண்ணும் வைக்கலையேக்கா."

"திட்ட வார்த்தை இல்லாம அது என்னடி பாஷை?"

சாயங்காலத்துக்குள் பதினொரு வசவுகள் தயாராயின. ஒன்பது அக்கா உண்டாக்கியவை. ஆளுக்கொரு மூலையில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்திப் பார்த்தார்கள். ஒருவர் வாயிலும் ஓர் உயிரெழுத்துகூடப் பிசகவில்லை.