ஜுலைகா பீவி எடுக்காத பேரீச்சம்பழம்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அடுப்பில் பூசணித் துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. எடுத்ததும் ஜுலைகா பீவியின் மருமகள் மும்தாஜின் குரல். "மேடம், மாமி மவுத்தாயிட்டாங்க. பஜ்ரு தொழுவ எழுப்பப் போனேன். எழும்பல." பிறகு அழுகைதான் கேட்டது.   "வருகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

நம் ஓய்வு பெற்றோர் சங்க மடலுக்கு ஜுலைகா பீவியைப் பற்றி நான்கு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். நான்கு வரியில் முடியாது, மன்னிக்கவும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நம் உருக்காலையின் கேன்டீனை இருபத்தாறு வருடம் நடத்தியவர் அவர். அவர் போட்ட சோற்றைச் சாப்பிடாதவர் உங்களில் யாரும் இல்லை. அவருடைய வலது கால் போனதற்கு அவருடைய பிடிவாதமே காரணம் என்று உங்களில் பலர் சொல்லி என் காதிலேயே விழுந்திருக்கிறது. அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு உரிமை இல்லை.

அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். என் கண்டிப்பு உங்களுக்குத் தெரியும். கன்னியாஸ்திரீகளிடம் பதினோரு வருடம் படித்தவள். காற்புள்ளி தவறினாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன். கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். பத்தாவது நிமிடம் ஜுலைகா என் மேஜை முன்னால் வந்து நின்றார். ஒரு கையில் என் குறிப்பு, மறு கையில் சாம்பார் வாளி.

"இதுல இன்னா எழுதிக்கிறீங்கன்னு வாயால சொல்லிடுங்க மேடம்மா. எனக்கும் இங்கிலீஷ் தெரியாது, இந்த சாம்பாருக்கும் தெரியாது."

அலுவலகமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று முதல் அவருக்கு வரும் எல்லாக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொன்னேன். மருந்துச் சீட்டு, கேஸ் கம்பெனிக் கடிதம், மகனுக்கு வந்த வேலை உத்தரவு எல்லாம். நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் அவர் யாரையும் கேட்பதில்லை. "மேடம்மா பட்ச்சிட்டாங்க, அவ்ளோதான்" என்பார்.

எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய். என் கணவரை அந்த நோய்க்குத்தான் கொடுத்தேன். அவருக்கு முதலில் போனது கால் விரல். அதனால், சென்ற வருடம் கோடையில் ஜுலைகா செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டியபோது எனக்கு அந்த விரல்தான் கண்முன் வந்தது. சோறு வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி பாதத்தில் கொட்டியிருக்கிறது. அவருக்கு உறைக்கவே இல்லை. மூன்று வாரமாகியும் புண் மூடவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"கால எடுத்துட்டா தொழுவைக்கு எப்டி நிப்பேன் மேடம்மா? கேன்டீன வுடுங்க, அத மும்தாஜு பாத்துக்கும். அல்லா முன்னால நான் எப்டி நிக்கறது?" என்று கேட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் அந்தச் சமயத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். பஜாரில் இருந்த இணைய மையத்தில் அதை அச்செடுத்தேன். பதினோரு பக்கம். உழவு தெரியாத காலத்து மனிதன் என்ன சாப்பிட்டானோ அதை மட்டும் சாப்பிட வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, காய், கீரை, தேங்காய். அரிசி, கோதுமை, பருப்பு, பால், சர்க்கரை எதுவும் கூடாது. அப்படிச் சாப்பிட்டவர்களின் சர்க்கரை இறங்கியதாக எழுதியிருந்தது. ஒரு நோட்டில் முழுவதையும் தமிழில் எழுதி ஜுலைகாவுக்குப் படித்துக் காட்டினேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இரண்டு வரி இருந்தது. எல்லா விளம்பரத்திலும் சட்டத்துக்காகப் போடுவதுதானே என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

"உழவு தெரியாத காலம்னா ஆதாம் நபி காலமா?" என்று கேட்டார் ஜுலைகா.

"அதற்கும் முன்னால் என்று சொல்கிறார்கள்."

"அதுக்கும் முன்னால எவன் இருந்தான்? செரி, அத வுடுங்க. மீனு துன்னலாம் இல்ல? நான் பழவேற்காட்டுல பொறந்தவ. எங்க ஏரிய சுத்தி வந்தாலே இந்த பதினோரு பக்கமும் கெடைக்கும்."

இருவரும் சேர்ந்தே தொடங்கினோம். அவருக்கு மீனும் இறாலும் நண்டும் இருந்தன. எனக்கு எதுவும் இல்லை. நான் பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொட்டதில்லை. பருப்பையும் தயிரையும் நிறுத்தியபின் நான்கு நாள் தேங்காயும் சுரைக்காயுமாக இருந்தேன். ஐந்தாம் நாள் ரேஷன் கடை வரிசையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்று மாலை ஜுலைகா தன் வீட்டில் ஒரு முட்டையை அவித்து, உரித்து, மிளகு தூவி என் முன்னால் வைத்தார். அறுபத்தெட்டு வயதில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, மென்று பார்க்காமல் விழுங்கினேன்.

"இன்னா மேடம்மா, மாத்திர மாதிரி முழுங்கறீங்க? முட்டைக்கு ரோஷம் வந்துடப் போவுது."

"வாயை மூடுங்கள் ஜுலைகா."

"கோயிலுக்குப் போய் சொல்லிடுங்க, துலுக்கச்சி ஊட்டுல முட்டை துன்னுட்டேன்னு. பாவத்துல பாதிய நான் வாங்கிக்கறேன்."

பாவத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சும்மா சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

கேன்டீனில் கிண்டல் செய்தார்கள். "அறுநூறு பேருக்கு சோத்தப் போட்டுட்டு அக்கா மட்டும் வவ்வால் மீன் துன்னுது பாரு" என்று ரோலிங் மில் தொழிலாளர்கள் கத்துவார்கள். "உங்கால குட்றா, நானும் சோறு துன்றேன்" என்று இவர் பதிலுக்குக் கத்துவார். ஆனால் ஒரு பருக்கை தொட்டதில்லை. பெரிய அண்டாவில் சோறு வெந்து வரும் வாசனையில் நின்றுகொண்டு, தூக்குச் சட்டியிலிருந்து கீரையும் மீனும் சாப்பிடுவார். நான் தினமும் மாலை போய்ப் புண்ணைப் பார்ப்பேன். என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவேன். அவர் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டதற்காக ஒருநாள் அவரோடு பேசாமல் எழுந்து வந்திருக்கிறேன்.

ஆறாவது வாரம் புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக மாறியது. எட்டாவது வாரம் அது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கியிருந்தது. டாக்டரே வியந்தாராம். காலை எடுக்கும் பேச்சு நின்றது. நான் என் மகனுக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்த நிலையில்தான் ரமலான் வந்தது. நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும். மும்தாஜும் வேண்டாம் என்றாள். ஜுலைகா என்னைப் பார்த்தார். "புஸ்தகத்துல இன்னா போட்டுக்குது மேடம்மா?" என்று கேட்டார். ஆதிமனிதன் வேட்டை கிடைக்காத நாளில் பட்டினிதான் கிடந்தான், பட்டினி உடம்புக்கு நல்லது என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். "அப்போ அல்லாவும் மேடம்மாவும் ஒரே பேச்சு" என்று சிரித்தார். விடிவதற்கு முன் ஸஹர் நேரத்தில் முட்டையும் மீனும் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு, அந்தி வரை நோன்பு இருந்தார்.

ஒன்பதாம் நோன்பு அன்று நோன்பு திறக்கும் நேரத்துக்கு நான் அங்கே இருந்தேன். நடையில் பாய் விரித்து, தட்டில் பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, பருப்பு வடை எல்லாம் மற்றவர்களுக்காக வைத்திருந்தார்கள். அவருக்கு அவித்த முட்டையும் வறுத்த மடவை மீனும். மகன் வள்ளூரில் அனல் மின் நிலையக் கட்டுமான வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மும்தாஜ் உள்ளே மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். பாங்கு சொன்னார்கள். ஜுலைகா பேரீச்சம்பழத்துக்குக் கையை நீட்டினார்.

"அது முழுக்கச் சர்க்கரை. தண்ணீரிலும் திறக்கலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றேன்.

கையை இழுத்துக்கொண்டார். தண்ணீர் குடித்தார். தம்ளர் பல்லில் பட்டு மோதியது. நெற்றியெல்லாம் வியர்வை.

"கை நடுங்குது மேடம்மா. ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுக்கறேனே."

"பத்து நிமிஷம் பொறுங்கள். இது உடம்பு கேட்பதில்லை, பழக்கம் கேட்பது. இப்படித்தான் ஆசை வரும், கொடுத்துவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறது."

"நெஞ்சு பேஜாரா கீது."

"முட்டையைச் சாப்பிடுங்கள். இத்தனை நாள் காத்ததை இன்றைக்குக் கெடுத்துக்கொள்ளப் போகிறீர்களா?"

தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் கீழ்ப்படிந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கைக்கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். எழுந்து நிற்கப் பார்த்தவர் அப்படியே சரிந்தார். புண் இருந்த வலது பாதம் வாசற்படியின் கருங்கல் விளிம்பில் மோதிக் கிழிந்தது. மும்தாஜ் ஓடிவந்து, ஒரு நொடிகூட யோசிக்காமல், சர்க்கரையைக் கரைத்து அவர் வாயில் தடவினாள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்: "சோற்றை நிறுத்தினீர்கள், சரி. மாத்திரையைக் குறைத்தீர்களா? இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடுமே. யாரும் சொல்லவில்லையா?"

வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொண்ட பிறகே இந்த உணவைத் தொடங்க வேண்டும். அந்த இரண்டு வரி அதுதான்.

கிழிந்த புண் மூடவில்லை. பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் கண் விழித்ததும் மகன் கட்டிலருகில் நின்று, "ஏம்மா, பேரீச்சம்பழம் பக்கத்துலயே இருந்துச்சே, ஒண்ணு எடுத்து வாயில போட்டிருக்கக் கூடாதா?" என்று அழுதார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் ஜுலைகா சொன்னார்: "நான்தான் வேணான்னேன். மேடம்மா துன்னுங்க துன்னுங்கன்னாங்க. நான்தான் அடம் புடிச்சேன்."

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் மறுத்துச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர் பிழையைச் சிவப்பு மையில் திருத்திய நான், அன்று அந்தப் பிழையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு ஏழு மாதம் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். திரும்பவும் சோறு சாப்பிட்டார். நான் போனால் எனக்கு முட்டை அவித்து வைக்கச் சொல்வார். ஒருநாள், மும்தாஜ் இல்லாத நேரம் பார்த்து, நான் அந்த நோன்பு நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "சும்மா கெடங்க மேடம்மா" என்றார். "கால்தான் போச்சி. நீங்களும் போய்ட்டா எனக்கு யாரு கடுதாசி பட்ச்சிக் காட்றது?" அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், என்னைப் பேசவிடாமல் காப்பாற்றினார் என்றுதான் தோன்றுகிறது. நான் காப்பாற்றப்பட விரும்பினேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் பெண்கள் கூடியிருந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். "நோம்பு நாள்ல டயட்டுன்னு அடம் புடிச்சி கால தொலைச்சிக்கினாங்க, அதுலதான் நெஞ்சும் போச்சி" என்று ஒரு அம்மாள் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். மும்தாஜ் தேநீர்த் தட்டோடு என் முன்னால் நின்றாள். "மேடம், மாமி யார் பேச்சுக்கும் அடம் புடிச்சதே இல்ல. அன்னிக்கு மட்டும் எப்டி?" என்றாள். குற்றம் சாட்டவில்லை. புரியாமல் கேட்டாள். தேநீரை வாங்கிக்கொண்டேன். 

மும்தாஜ், உன் மாமி அன்றைக்கும் அடம் பிடிக்கவில்லை. ஒரு முறை கையை நீட்டினார், ஒரு முறை வாய்விட்டுக் கேட்டார். இரண்டு முறையும் நான்தான் தடுத்தேன். நான் படித்துச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தார்.

ஜுலைகா பீவியுடையது என்று என்னிடம் இருப்பது அவர் எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்தான். ஏழு மாதம் அதன் நிழலில் தலை நிமிர்ந்து நடந்தேன். இனி அவரைப் பற்றிப் பேசும்போது பிடிவாதக்காரி என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் என்னுடையது. என் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.