மூன்று விரல்

போன வருடம், நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு வந்த ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு வந்த நேரம். கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறை. இருந்தவர்களைச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பன். மாப்பிள்ளையின் பெரிய மாமா. அவர் மீன்பிடிக் கரைவலை முதலாளி, அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால்தான் முடிவு. நான். திரைக்கு உள்ளே மாப்பிள்ளையின் தாய், என் தங்கச்சி, என் மூத்த மகள். சீனிப் போத்தலில் சாத்தி வைத்த போனுக்குள் என் மனைவி. அவள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். குசினியில், அடுப்பருகே என் இளைய மகள், வயது பன்னிரண்டு.

மூத்தவளுக்கு அந்த மாப்பிள்ளையை நாங்கள் போய்க் கேட்டிருந்தோம். எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் போய்க் கேட்பது. அன்று அவர்கள் பதில் சொல்ல வந்திருந்தார்கள். அதற்கு முன் பேசிய ஓர் இடம், எங்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் விலகிப் போய்விட்டது.

காரணம் இருக்கிறது. நாங்கள் இருப்பது சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில். எங்கள் தெருவில் போதைத் தூள் விற்ற ஒருவனைப் பொலிஸ் பிடித்தது. அதிலிருந்து தெரு முழுக்கவே தூள்காரர் என்று ஊரில் கதை. நான் நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஊரின் வாயை அடைக்க எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் ஒரு தொண்டு நிறுவனம் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு வைத்தது. தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், தகப்பன் இல்லாத பிள்ளைகள், எங்களுடையதைப் போன்ற தெருக்களில் இருக்கும் பிள்ளைகள், இவர்களைத்தான் எடுத்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்வது, போதைப் பொருளில் அகப்படாமல் இருப்பது, இதுதான் பாடம். பாண்டிருப்பிலிருந்து ஒரு மிஸ் வந்து படிப்பித்தார்.

என் தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை.

“அனுப்பாதீங்க காக்கா. நம்மட வீட்டுலயும் தூள் இருக்கெண்டுதான் கதைப்பாங்க. மூத்தவளுக்குக் கலியாணம் பேச ஏலாமப் போயிரும்.”

நான் அனுப்பினேன். தாய் தூரத்தில். நான் விடிந்தால் ஆலையில். யாராவது அந்தப் பிள்ளையிடம் இதையெல்லாம் கதைக்க வேண்டும். எனக்குக் கதைக்க வராது.

வகுப்பு முடிந்து வந்தால் சோறு தின்னும்போது அவள் எனக்குச் சொல்வாள். கடையில் சரமாகத் தொங்கும் வாசப் பாக்குப் பாக்கெட்டில்தான் பிள்ளைகளை முதலில் பழக்குகிறார்களாம். பிறகுதான் மற்றது. அதை மென்றுகொண்டே இருந்தால் வாய்க்குள் தோல் இறுகிப் போகுமாம். வாயைத் திறந்து மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக வரும்படி நிமிர்த்தி உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்னையும் வைக்கச் சொன்னாள். என் விரல்கள் மூட்டை தூக்கித் தடித்த விரல்கள். போயின.

இனி அன்றைய கதை. பேச்சுக்கு வந்தவர்களுக்கு முதலில் வட்டா வைப்பது எங்கள் வழக்கம். கால் வைத்த பித்தளைத் தட்டு அது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்திருக்கும். வந்தவர் அதில் எடுத்துப் போட்டால்தான் கதை தொடங்கும். பெரிய மாமா வாசப் பாக்குப் பாக்கெட் இல்லாமல் இருக்க மாட்டார் என்று என் தங்கச்சி கேள்விப்பட்டிருந்தாள். மரியாதைக்கு அதையும் வாங்கி வட்டாவில் வைத்திருந்தாள்.

வட்டாவை இளையவள் கொண்டுவந்தாள். பெரிய மாமா வெற்றிலையைத் தூக்கி அடியில் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“என்ன புள்ள, வெறும் வெத்திலையா?”

“பாக்கெட் இருந்திச்சி, மாமா. நான் எடுத்துட்டன்.”

திரைக்குப் பின்னால் தங்கச்சியின் வளையல் சத்தம் கேட்டது. பெரிய மாமா என்னைப் பார்த்தார்.

“இவதானா அந்தத் தூள் வகுப்புக்குப் போற புள்ள?”

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது.

“நல்லாத்தான் படிப்பிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்தவன்ட வாயில இருக்கிறதப் புடுங்க.”

மாப்பிள்ளையின் தகப்பன் குனிந்து பாயைப் பார்த்தார். போனுக்குள் என் மனைவி என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை போகவில்லை. வட்டாவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். பெரிய மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

“மாமா, உங்கட வாய்க்குள்ள மூண்டு விரல் போகுமா?”

எப்படி வைப்பது என்று தன் வாயிலேயே வைத்துக் காட்டினாள். மாப்பிள்ளையின் தகப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலைமையைச் சமாளிக்கவோ என்னவோ, அவரும் வைத்துப் பார்த்தார். போனது. பெரிய மாமா வைக்கவில்லை. எழும்பிச் செருப்பைப் போட்டார். மற்றவர்களும் எழும்ப வேண்டியதாயிற்று. பதில் சொல்லாமலே போய்விட்டார்கள்.

தங்கச்சி அழுதாள், ஏசினாள். போனுக்குள் மனைவி அழுதாள். மூத்தவள் மட்டும் வட்டாவை வாங்கி வைத்துவிட்டு, “அவ பிழையா ஒண்டும் கேக்கல்லியே மாமி” என்றாள். கலியாணம் அவளுடையது. அவள் வாயிலிருந்து அது வந்ததும் மற்றவர்கள் அடங்கினார்கள்.

இளையவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னாலதான் போனாங்களா வாப்பா?”

“தேத்தண்ணி ஊத்து” என்றேன். ஊற்றினாள். அவளையும் பக்கத்தில் இருத்தி, இரண்டு பேரும் குடித்தோம். அடுத்த நாள் சனிக்கிழமை. வகுப்புக்குப் போகவா என்று கேட்டாள். சைக்கிளில் ஏற்றி நானே கொண்டுபோய் விட்டேன்.

சில நாள் கழித்துப் பெரிய மாமா ஆலைக்கு வந்தார். தராசுக்குப் பக்கத்தில் தனியே கூப்பிட்டார். அன்று வீட்டுக்குப் போய், அறைக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் வைத்துப் பார்த்தாராம். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லையாம்.

“ஒரு வருசமா உறைப்பு வாயில வைக்க ஏலாது. தேங்காப் பால்ல வெச்ச பாலாணத்தோடதான் சோறு. வீட்டுல வயித்துப் புண் எண்டு சொல்லி வெச்சிருக்கன். எங்க போகணும் எண்டு உங்கட புள்ளக்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

பிள்ளை மிஸ்ஸிடம் கேட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டும் என்றாள். பெரிய மாமாவோடு நானும் போனேன். இறுகினது பழையபடி முழுக்க இளகாது, ஆனால் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். பாக்கெட்டையும் பாக்கையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். வாய்க்குப் பயிற்சி கொடுத்தார். தவறாமல் வந்து காட்டச் சொன்னார்.

வெளியே வந்து மருதமர நிழலில் நின்றபோது நான் கலியாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“நாங்க அண்டைக்கு ஓம் எண்டு சொல்லத்தான் வந்தம். சொல்ல முந்தி உங்கட மகள் வாய்க்குள்ள விரல வெக்கச் சொல்லிட்டா.”

நான் சிரிப்பது குறைவு. அன்று சிரித்தேன்.

நிக்காஹ் அன்று வட்டாவில் என்ன வைப்பது என்று இளையவளைத்தான் கேட்டோம். பேரீச்சம் பழமும் ஏலமும் கராம்பும் வைத்தாள். வயதானவர்கள் முணுமுணுத்தார்கள். பெரிய மாமா வட்டாவைத் தானே தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போனார். மூன்று விரலை வைத்துக் காட்டிவிட்டு எடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் நின்றார். பந்தல் சிரித்தது. சிரிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்களையும் நான் பார்த்தேன். அவர்களில் ஒருவர் அடுத்த நாள், எங்கே போய்க் காட்டுவது என்று கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பிறகு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். என் தங்கச்சிதான் இப்போது அவர்களுக்குக் கதிரை போடுகிறாள்.

தூள்காரத் தெரு என்று கேட்டு விலகிப் போனவர்கள் இருந்த ஊரில், வாய் காட்டும் வீடு எது என்று கேட்டு இப்போது ஆள் வருகிறது. ஆலையில் என்னை அந்தப் பிள்ளையின் வாப்பா என்றே கூப்பிடுகிறார்கள். மூட்டை அதே மூட்டைதான், ஆனால் அப்படிக் கூப்பிடும்போது முதுகு தானாக நிமிர்கிறது.

மூன்று விரல் போகாமல், எங்கள் வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இதுவரை பதினொரு பேர்.