வராத ஏழு பேரைத் தேடி: ஸ்ரீரங்கம், திருவெறும்பூர், சமயபுரம்

1964 மார்ச் முதல் வாரம், திங்கள் தொடங்கி ஞாயிறு வரை ஏழு நாள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்கப் போனேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பள்ளி உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். போன மாதம் இந்த வலைப்பூவைப் படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளும் இதே படிப்பாம். திருச்சிப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போக வேண்டுமாம். எப்படிப் போவது, எதை எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டிருந்தாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டணங்களை மட்டும் நம்பிப் புறப்பட்டுவிடாதே அம்மா, எல்லாம் அறுபது வருஷத்துப் பழசு.

என் ஆய்வு, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றியது. 'மக்கு' என்று சொல்லிக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுகிறோமே, அந்தப் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சோதித்து எழுத வேண்டும். சென்னைப் பிள்ளைகளை முடித்துவிட்டேன். வெளியூரில் ஒரே வகுப்பைச் சேர்ந்த நாற்பது பேர் பாக்கி. எனக்குக் கிடைத்த விடுப்பு அந்த ஒரு வாரம்தான். உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் சோதனை முடிவுகளை ஒப்படைக்காவிட்டால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று வழிகாட்டிப் பேராசிரியர் நயமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எழும்பூரிலிருந்து ஸ்ரீரங்கம் சுமார் இருநூறு மைல். மூன்றாம் வகுப்பில் ஏழு ரூபாய் சொச்சம். திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு இறங்கினேன். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் மரப்பெட்டி, கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்ட நிறுத்துக் கடிகாரம். பெட்டிக்குள் வண்ணம் பூசிய பதினாறு மரக்கட்டைகளும் ஒரு கட்டுப் பட அட்டைகளும். அட்டையில் இருக்கும் கோலத்தைப் பார்த்துப் பிள்ளை கட்டைகளை அதேபோல் அடுக்க வேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வைத்திருந்த காதர் பாய் பெட்டியை வாங்கி வைத்தார். கனத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள என்னாம்மா, கருங்கல்லா?" என்றார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கட்டைய வச்சுப் புள்ளைங்க புத்திய அளக்கப் போறீங்களா? அப்படியே நம்ம குதிரையையும் ஒரு தடவை அளந்து பாருங்கம்மா. அரை மணி நேரமா நகர மாட்டேங்குது." ஐம்பது காசு வாங்கிக்கொண்டு மூன்று விடுதிகளுக்கு அழைத்துப் போனார். தனியாக வந்த பெண்ணுக்கு இரண்டு இடங்களில் அறை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில், கல்லூரி முத்திரை போட்ட கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கொடுத்தார்கள். நாள் வாடகை இரண்டு ரூபாய்.

பள்ளிக்கூடம் வடக்கு வாசலைத் தாண்டிக் கொள்ளிடம் போகும் வழியில் இருந்தது. தலைமையாசிரியர் வாசலிலேயே காத்திருந்தார். "வரணும், வரணும். மெட்ராஸ்லேர்ந்து எழுந்தருளியிருக்கேள். ரங்கநாதன் கிருபையிலே எங்க பசங்க ஒரு கொறையும் வைக்க மாட்டா" என்றார். நாலாம் வகுப்பில் மொத்தம் நாற்பது பேர் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். அளவெடுத்துத் தைத்தது போல் எண்ணிக்கை பொருந்திவிட்டது. ஏழு பேருக்கு மட்டும் ஜுரம், இரண்டு நாளில் வந்துவிடுவார்கள் என்றார்.

நான்கு நாளில் முப்பத்துமூன்று பேரை முடித்தேன். எல்லாரும் தலையில் எண்ணெய் வழிய, துவைத்த சட்டையோடு வந்தார்கள். கட்டைகளைக் கொடுத்த மாத்திரத்தில் மளமளவென்று அடுக்கினார்கள். மதியச் சாப்பாடு தலைமையாசிரியர் வீட்டிலிருந்து தினமும் வந்தது. இப்படி ஓர் ஊரா என்று பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பில் கண் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பின்தங்கும் பிள்ளைகளைத் தேடி வந்தவளுக்குப் பின்தங்கிய பிள்ளை ஒன்றுகூட அகப்படவில்லையே என்று நாலு நாளாக உறைக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்குப் பிறந்த தேதிகளைப் பார்த்து எழுத வருகைப் பதிவேட்டை வாங்கினேன். திங்கள் முதல் வராதவர்கள் அதே ஏழு பேர். யாரும் திரும்பி வரவில்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜனவரியில் ஏழு பேரும் ஒரு நாள் தவறாமல் வந்திருக்கிறார்கள். நவம்பரில் இரண்டே நாள், ஏழு பேரும் சேர்ந்தாற்போல் வரவில்லை. அது என்ன ஜுரம், ஏழு பேருக்கும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போகிறது?

வகுப்பாசிரியை சரோஜாவைக் கேட்டேன். என்னைவிட இரண்டு வயது சிறியவர், அதிகம் பேசாதவர். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஜுரம் இல்லீங்க. நவம்பர்ல அந்த ரெண்டு நாளும் இன்ஸ்பெக்ஷன். படிப்பு வராத புள்ளைங்களை அன்னைக்கு வீட்டுலயே இருக்கச் சொல்லிடுவோம். இந்த வாரமும் நாங்கதான் வர வேணாம்னு சொன்னோம்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நான் என்ன இன்ஸ்பெக்டரா? அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்! கடிதத்தில் எழுதியிருந்தேனே!" என்று கத்தினேன்.

"கடிதத்துல எழுதியிருந்தீங்க. ஆனா கழுத்துல வாட்ச் மாட்டிக்கிட்டு, பொட்டியும் நோட்டுமா மெட்ராஸ்லேருந்து வந்து இறங்கினா நாங்க என்னன்னு நெனைக்கிறதுங்க?"

நான்கு நாளாக அந்தக் கடிகாரத்தைத் தாலி போலக் கழற்றாமல் திரிந்தது நான்தான். என்ன செய்வது என்று தெரியாமல் கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சரோஜாதான் பேசினார். "நாலு பேர் இங்கதான் கொள்ளிடக் கரையோரம் இருக்காங்க. மூணு பேர சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்கன்னு எனக்குத் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன். எச்.எம். கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை." ஒரு வார்த்தை மூச்சு விடாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்குக் காதர் பாயின் ஜட்காவில் கரைக்குப் போனோம், ஒன்றரை மைல். நான்கு பிள்ளைகளையும் அவரவர் வீட்டு வாசலில் உட்கார வைத்து இருட்டுவதற்குள் முடித்தேன். கடிகாரத்தைக் கழற்றி மடியில் மறைத்து வைத்துக்கொண்டேன். பாய் காசு வாங்க மறுத்துவிட்டார். "புள்ளைங்க காரியம்மா, அல்லா பாத்துப்பான்" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்து மெயின்கார்டு கேட் போய் இறங்கினோம். டிக்கெட் பதினைந்து காசு. அங்கிருந்து மன்னார்புரம் மூன்று மைல். அத்தை வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பையன் என்னைக் கண்டதும் கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டான். அத்தை அவனைப் பிடித்து வந்து, எங்களுக்கு இட்லி போட்டு, அவனும் சாப்பிட்ட பிறகுதான் பெட்டியைத் திறக்க விட்டார். பதினொரு மணிக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூர் போனோம். அப்போது அங்கே பெரிய தொழிற்சாலைக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு பையனின் சித்தப்பா அங்கே சித்தாள் வேலை பார்த்தார். தகரக் கொட்டகை நிழலில் சிமெண்ட் மூட்டையே எங்களுக்கு மேஜை. மேஸ்திரி வந்து விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும், "டேய், அந்த மிஷினை நிறுத்துங்கடா, புள்ள கணக்குப் போடுது" என்று சத்தம் போட்டார். இருபது நிமிஷம் அந்தப் பக்கம் வேலையே நடக்கவில்லை. எத்தனையோ ஆய்வுக்கூடங்களைப் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மரியாதையான அமைதி எங்கும் கிடைத்ததில்லை.

கடைசிப் பிள்ளை அஞ்சலை. பூக்காரர் வீட்டுப் பெண், ஒன்பது வயது. அம்மாவும் அவளும் சமயபுரத்தில் மாமா கடைக்குப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே அம்மனுக்குப் பூச்சொரிதல் ஆரம்பம். அன்று மாலை எனக்கு ரயில். திருவானைக்காவலிலிருந்து ஆறு மைல்தான், பஸ்ஸுக்கு இருபது காசு, ஆனால் கூட்டத்தில் மூன்று பஸ்ஸை விட்டு நாலாவதில் ஏறினோம். ஒன்பதரைக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் பதினொன்றேகாலுக்குச் சேர்ந்தோம்.

கடையில் அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சரோஜாவைக் கண்டு பயம். "டீச்சரம்மா, நீங்க சொன்னபடி இவளை அனுப்பவே இல்லீங்களே!" என்றார். பிறகு என் பெட்டியைப் பார்த்தார். "இது பரிச்சைங்களா? இவ பெயிலுன்னு எழுதிடுவீங்களா?" பாஸும் கிடையாது, பெயிலும் கிடையாது என்று சொன்னேன். நம்பவில்லை. ஆனாலும் கடைக்குப் பின்னால் பூக்கூடைகளை ஒதுக்கி ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார்.

அஞ்சலை கட்டையை எடுத்தாள். அடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டையாகத் திருப்பி ஆறு பக்கத்தையும் பார்த்துக் கீழே வைத்தாள். கடிகாரம் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்துக்கு இரண்டு நிமிஷம்தான் அளவு. இரண்டு நிமிஷம் ஆனபோது அவள் இன்னும் அடுக்கவே ஆரம்பிக்கவில்லை. விதிப்படி அங்கேயே நிறுத்திச் சைபர் போட வேண்டும். என்னால் நிறுத்த முடியவில்லை. மூன்று நிமிஷம் பத்து விநாடியில் ஒரு கட்டை பிசகாமல் அடுக்கி முடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

விதிப்படி சைபர்தான் போட்டேன். பக்கத்தில், 'நேரம் கடந்து சரியாகச் செய்தாள்' என்று எழுதினேன். சரோஜா அதை எட்டிப் பார்த்தார். "ஒரு வருஷமா வகுப்புல இவளை எழுப்பிக் கேள்வி கேப்பேன், இவ வாய் திறக்கறதுக்குள்ள அடுத்த புள்ளைக்குப் போயிடுவேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு வரிக் குறிப்பிலிருந்துதான் பின்னால் என் ஆய்வின் நாலாவது அத்தியாயம் வந்தது.

கிளம்பும்போது அம்மா என் கையில் ஒரு முழம் கதம்பத்தைத் திணித்தார். மகள் எத்தனை மார்க் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் வந்தா, இவளை ஸ்கூலுக்கு அனுப்பலாங்களா?"

எனக்கு அதிகாரம் ஏது? நான் சரோஜாவைப் பார்த்தேன். அவர், "அனுப்புங்க. மொத வரிசையில உக்கார வைக்கிறேன்" என்றார்.

எனக்கு எழுதிய பெண்ணே, இப்போது உன் கேள்விகளுக்கு வருகிறேன். தங்க ஸ்ரீரங்கமே வசதி. அங்கிருந்து திருச்சிக்குள் போக எந்நேரமும் பஸ் உண்டு. சத்திரம் பேருந்து நிலையத்தில் சமயபுரத்துக்கும் கிடைக்கும். ஞாயிறும் செவ்வாயும் மாசி, பங்குனி மாதங்களும் அந்தப் பக்கம் கூட்டம் நெரியும், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள். காலை எட்டுக்குள் வேலையை ஆரம்பித்துவிடு, மார்ச்சிலேயே வெயில் மண்டையைப் பிளக்கும். சோதனைப் பொருள்களைச் சாதாரணத் துணிப்பையில் எடுத்துப் போ. சாப்பிடச் சொன்னால் சாப்பிடு. பிறந்த தேதிகளைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல், வருகைப் பதிவேட்டை முதல் நாளே கேட்டு வாங்கு. யார் வந்திருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். யார் வரவில்லை என்று பார். உனக்கும் ஒரு சரோஜா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்கு அப்படி ஒருத்தர் கிடைத்ததால்தான் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ள முடிந்தது.

அந்த வருஷம் ஏப்ரல் நடுவில் சரோஜாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து போனாராம். நாற்பது பேரும் வந்திருந்தார்களாம். தலைமையாசிரியர் ஒரு வாரம் சரோஜாவுடன் பேசவில்லையாம். "இன்ஸ்பெக்டர் அஞ்சலையை எழுப்பி ஒரு கணக்குக் கேட்டார். 'கொஞ்சம் பொறுங்க சார், சொல்லுவா' என்றேன். அவர் பொறுக்கவில்லை, அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். அவர் வகுப்பை விட்டு வெளியே போன பிறகு அஞ்சலை எழுந்து நின்று விடையைச் சொன்னாள். சரியான விடை" என்று எழுதியிருந்தார்.